பட்டுப்புழுவின் வாயும் வாலிநோக்கத்து வலையும்

வாலிநோக்கத்துக் கடற்கரையில் வெயிலில் விரித்துக் கிடக்கும் நைலான் வலையையும், எமனேசுவரத்துத் தறியில் ஓடும் செயற்கைப் பட்டு இழையையும் ஒருங்கே வைத்து நோக்குவோர், இவ்விரண்டிற்கும் யாதொரு உறவும் இருப்பதாகக் கருதமாட்டார்கள். ஒன்று கடலுக்குரியது, மற்றொன்று கல்யாண வீட்டுக்குரியது. ஒன்றை வாங்குபவர் மீன்பிடித் தொழிலாளி. மற்றொன்றை வாங்குபவர் மகளுக்குச் சேலை எடுக்க வந்த தாய். ஆயினும் இவ்விரண்டும் ஒரே குடும்பத்துப் பிள்ளைகள் என்பதே உண்மை. இரண்டையும் இழையாக்கும் கருவி, பட்டுப்புழுவின் உதட்டைப் பார்த்து மனிதன் செய்துகொண்ட கருவியாகும்.

பூச்சியின் உறுப்பைப் பார்த்துப் பொருளுக்கு உருவம் கொடுப்பது இக்காலத்தில் விஞ்ஞானத்தின் ஒரு கிளையாகவே வளர்ந்துவிட்டது. அச்செய்திகளைப் படித்து வியப்பதோடு நாம் நின்றுவிடலாகாது. நெசவாளரும் விவசாயிகளும் மீனவருமாகிய நாம் அதனால் பெற்றது என்ன, பெறாமல் விட்டது என்ன என்று கணக்குப் பார்த்தல் வேண்டும். வரவும் செலவும் பார்த்து எழுதுவது கூட்டுறவாளரின் முதற் கடமையன்றோ?

புழு செய்யும் வேலை

முசுக்கொட்டை இலையைத் தின்று வளர்ந்த பட்டுப்புழுவின் உடலுக்குள், இரு பக்கங்களிலும் இரண்டு நீண்ட சுரப்பிகள் மடிந்து மடிந்து கிடக்கின்றன. அங்கே பட்டு நூலாக இல்லை. நீர் கலந்த கூழாகவே இருக்கிறது. இரண்டு சுரப்பிகளின் குழாய்களும் தலைப்பகுதியில் ஒன்று சேர்ந்து, கீழுதட்டில் உள்ள ஒரு நுண்ணிய துளையின் வழியே வெளியில் திறக்கின்றன. இரண்டு இழைகள் அருகருகே வர, ஒருவகைப் பசை அவற்றைப் போர்த்தி ஒன்றாக ஒட்டுகிறது. பட்டு நூலைச் சோப்பு நீரில் வேகவைத்து நாம் நீக்குகிறோமே, அந்தப் பசைதான் இது. தலையை 8 என்ற இலக்கத்தைப் போல ஆட்டி ஆட்டி, ஏறக்குறைய மூன்று நாட்களில் புழு தன்னைச் சுற்றிக் கூடு கட்டி முடிக்கிறது. ஒரு கூட்டில் உள்ள அறுபடாத இழை ஏறத்தாழ 1,000 மீட்டர் நீளம் இருக்கும்.

இவ்வேலையில் மூன்று செய்திகளை அங்கத்தினர்கள் மனத்தில் இருத்துமாறு வேண்டுகிறோம்.

முதலாவது, இத்தனையும் சாதாரண வெப்பத்தில் நடைபெறுகிறது. உலையும் இல்லை, அமிலத் தொட்டியும் இல்லை. கூழைக் கரைத்து வைத்திருப்பது வெறும் தண்ணீர்.

இரண்டாவது, புழு இழையைத் தள்ளுவதில்லை, இழுக்கிறது. ஒரு துளிக் கூழைச் சுள்ளியில் ஒட்டிவிட்டுத் தலையைப் பின்னுக்கு வாங்குகிறது. அந்த இழுப்பில்தான் கூழ் நூலாக இறுகுகிறது. தள்ளியே வெளியேற்றுவதாயின் புழுவின் சிற்றுடலால் உண்டாக்க இயலாத அத்துணை அழுத்தம் தேவைப்படும் என்பதை இங்கிலாந்தின் ஷெஃபீல்டு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2017-ஆம் ஆண்டில் கணக்கிட்டுக் காட்டினார்கள். இராட்டை நூற்கும் நம் பெண்களுக்கு இது புதுமையான செய்தியன்று. அவர்கள் பஞ்சைத் தள்ளி நூலாக்குவதில்லை. இழுத்து முறுக்கேற்றியே நூலாக்குகிறார்கள்.

மூன்றாவது, புழு கட்டும் கூடு திறக்க இயலாத சிறையன்று. உள்ளே அந்துப்பூச்சியாக மாறிய பின், அது ஒருவகை நீரை உமிழ்ந்து, கூட்டின் முனையிலுள்ள பசையைக் கரைத்து நெகிழ்த்தி, வழி செய்துகொண்டு வெளியே வருகிறது. அவ்வாறு வெளிவந்தால் நீண்ட இழை கிடைக்காது என்பதனால்தான் நூல் எடுப்போர் அதற்கு முன்னரே கூடுகளை வெப்பத்தில் இடுகின்றனர். ஆக, கூட்டை அடைக்கத் தெரிந்த பூச்சிக்கு அதைத் திறக்கவும் தெரியும்.

மனிதன் கண்டதும் கொண்டதும்

இந்த வேலையைப் பார்த்து மனிதன் ஆசைப்பட்டது நெடுநாளைய செய்தி. 1665-ஆம் ஆண்டில் ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய விஞ்ஞானி, உருப்பெருக்கிக் கண்ணாடியில் தாம் கண்டவற்றை எழுதிய நூலில், பட்டுப்புழுவின் கூழைப் போன்ற ஒரு பசையைச் செய்து இழையாக்க வழி காணலாம் என்று குறிப்பிட்டார். பூச்சிகளைப் பற்றிப் பல பாகங்களாக ஒரு பெருநூல் எழுதிய பிரெஞ்சுக்காரர் ரேமூர், 1734-ஆம் ஆண்டில் இன்னும் தெளிவாகக் கேட்டார். பட்டு என்பது காய்ந்து இறுகிய பிசினேயாயின், நம்மிடமுள்ள பிசின்களைக் கொண்டு நாமும் ஏன் அதைச் செய்யலாகாது என்பது அவரது கேள்வி.

விடை கிடைக்க நூற்றைம்பது ஆண்டுகள் சென்றன. 1860-களில் பிரெஞ்சு நாட்டுப் பட்டுப்புழுக்களைக் கொள்ளைநோய் வாரிக்கொண்டு போயிற்று. லூயி பாஸ்டர் அந்நோயை ஆராய்ந்தார். அக்காலத்துப் பட்டுத் தொழிலின் துயரத்தை அறிந்திருந்த ஷார்தொனே பிரபு, 1884-ஆம் ஆண்டில் செயற்கைப் பட்டுக்கு உரிமைச் சாசனம் பெற்று, 1889-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் அதை உலகுக்குக் காட்டினார். செடியின் நாரை அமிலங்களால் மாற்றிக் கரைத்துக் கூழாக்கி, நுண்ணிய துளைகளின் வழியே பிதுக்கி இழையாக்குவது அவர் கண்ட முறை. அந்தத் துளைதான் புழுவின் உதடு. ஆங்கிலத்தில் புழுவின் அவ்வுறுப்புக்கும் ஆலையிலுள்ள துளைத் தகட்டுக்கும் இன்றளவும் பெயர் ஒன்றே. இரண்டையும் ஸ்பின்னரெட் என்றே வழங்குகிறார்கள்.

ஷார்தொனேயின் பட்டு எளிதில் தீப்பற்றுவதாக இருந்தது. 1892-ஆம் ஆண்டில் கிராஸ், பெவன், பீடில் என்னும் மூவர் இங்கிலாந்தில் விஸ்கோஸ் முறையைக் கண்டனர். மரக்கூழைக் காரத்திலும் கார்பன் டைசல்பைடு என்னும் நச்சுத் திரவத்திலும் பதப்படுத்திக் கரைத்து, துளைத் தகட்டின் வழியே அமிலத் தொட்டிக்குள் செலுத்துவது அம்முறை. அமிலம் அரிக்காமல் இருக்கும்பொருட்டுப் பொன்னும் பிளாட்டினமும் கலந்து அத்தகடுகளைச் செய்தார்கள். புழுவின் உதட்டைப் போலச் செய்யப் பொன் வேண்டியதாயிற்று!

பின்னர் மரக்கூழும் வேண்டாம் என்றாயிற்று. அமெரிக்காவில் டூபாண்ட் நிறுவனத்தின் கரோதர்ஸ் 1935-ஆம் ஆண்டில் நைலானைக் கண்டார். அதை உருக்கி, 260 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் துளைகளின் வழியே பிதுக்குகிறார்கள். குளிர்ந்த இழையை நன்றாக இழுத்தால்தான் உறுதி பிறக்கிறது என்ற உண்மை, 1930-ஆம் ஆண்டிலேயே அவருடைய துணைவர் ஜூலியன் ஹில்லுக்கு வேறோர் இழையில் தெரியவந்திருந்தது. தள்ளுவதை முதலிலும் இழுப்பதைப் பின்னரும் வைத்து, புழுவின் இரகசியத்தில் பாதியை ஆலை பெற்றது எனலாம்.

உருவத்தைக் கற்றது அத்தோடு நிற்கவில்லை. வட்டத் துளையில் வந்த நைலான் கண்ணாடியைப் போலப் பளபளத்தது. பட்டின் மென்மையான ஒளி அதில் இல்லை. பட்டு இழையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் அது வட்டமாக இல்லை, முனை மழுங்கிய முக்கோணமாக இருக்கிறது. அதைக் கண்டு, துளையையே மூன்று முனை உள்ளதாக அமைத்தார்கள். இழையின் ஒளி மாறியது. ஒரு புழுவின் இழையினது வடிவத்தைப் பார்த்துத் தகட்டின் துளையை மாற்றியது மனித அறிவுக்குப் பெருமையே. அதை நாம் குறைத்துப் பேசவில்லை.

வரவுப் பக்கம்

நடுநிலையோடு பேசுவோமாயின், இதனால் ஏழைகள் பெற்ற நன்மையை முதலில் சொல்ல வேண்டும். பட்டு வாங்க இயலாத குடும்பத்துப் பெண் பளபளப்பான சேலை உடுத்தியது செயற்கைப் பட்டினால்தான். பரமக்குடி, எமனேசுவரம் பகுதிகளில் எத்தனையோ தறிகளுக்கு அது வேலை கொடுத்திருக்கிறது.

கடற்கரையில் நிகழ்ந்த மாறுதல் இதனினும் பெரிது. பருத்தி வலை இருந்த காலத்தில் மீனவர் குடும்பத்துக்கு ஓய்வு இல்லை. ஈரம் காயாவிடில் வலை மட்கும். மரப்பட்டையைக் காய்ச்சிய சாயத்தில் தோய்ப்பதும், உலர்த்துவதும், அறுந்ததைக் கட்டுவதும் ஓயாத வேலை. 1950-களின் இறுதியிலிருந்து நம் நாட்டில் நைலான் வலை பரவியபோது அந்தப் பாரம் குறைந்தது. வலை இலேசாயிற்று, நீண்ட நாள் உழைத்தது, மீனும் மிகுதியாகப் பட்டது. அந்த வலையை விட்டுப் பழைய பருத்தி வலைக்குத் திரும்புங்கள் என்று வாலிநோக்கத்து மீனவரிடம் கூறுவதற்கு எவருக்கும் உரிமை இல்லை. நாமும் கூறவில்லை.

செலவுப் பக்கம்

ஆயினும் புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்டால், பூனைக்குக் கோடு கிடைக்குமே தவிரப் புலியின் வலிமை கிடைக்குமா? மனிதன் புழுவின் வாயைப் பார்த்தான். அதன் வயிற்றையும் அதன் வழியையும் பார்க்கவில்லை. உருவத்தை எடுத்துக்கொண்டான், அவ்வுருவத்துக்கு முன்னும் பின்னும் இருந்த ஒழுங்கை விட்டுவிட்டான். அதன் செலவு மூன்று இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது.

முதற் செலவு ஆலையில். தண்ணீரைக் கொண்டு புழு செய்ததை நச்சுத் திரவத்தைக் கொண்டு செய்தபோது, கார்பன் டைசல்பைடு ஆவியை மூச்சில் வாங்கிய தொழிலாளரின் நரம்புகள் கெட்டன. சித்தம் கலங்கியோரும் உண்டு என்பது மருத்துவ நூல்களில் பதிவான செய்தி. நம் நாட்டிலும் பவானி ஆற்றங்கரையில் சிறுமுகையில் இயங்கிய விஸ்கோஸ் ஆலை, ஆற்று நீர் கெடுகிறது என்ற மக்களின் எதிர்ப்புக்கு ஆளாகிப் பின்னர் மூடப்பட்டதைக் கொங்கு நாட்டு அங்கத்தினர் அறிவர்.

இரண்டாவது செலவு கடைத்தெருவில். உருவம் ஒன்றாயிருப்பதால் பெயரையும் ஒன்றாக்கிவிட்டார்கள். செயற்கைப் பட்டைப் பட்டு என்றும், பாலியெஸ்டரை மென்பட்டு என்றும் விற்கும் கடைகள் உண்டு. ஏமாறுவது வாங்குபவர் மட்டுமன்று. உண்மைப் பட்டை நெய்யும் நெசவாளரின் கூலியும் அப்பொய் விலையோடு போட்டியிட வேண்டியதாகிறது. போலிப் பெயரில் விற்ற செயற்கைப் பட்டு நாளடைவில் தனக்குரிய நற்பெயரையும் இழக்கிறது.

மூன்றாவது செலவு கடலில். அதுவே வாலிநோக்கத்தாருக்கு மிக நெருக்கமானது. புழுவின் இழைக்கு ஒரு முடிவு உண்டு. மண்ணிலோ நீரிலோ கிடந்தால் காலப்போக்கில் சிதைந்து, பிற உயிர்களுக்கு உணவாகிவிடும். நைலானுக்கு அந்த முடிவு இல்லை. புயலிலோ பாறையிலோ அறுந்துபோன வலை, உடையவர் கரை சேர்ந்த பின்னும் கடலடியில் மீனையும் நண்டையும் பிடித்துக்கொண்டே இருக்கிறது. அந்த மீனை எடுக்க ஆளில்லை, விற்கச் சந்தையில்லை. பிடிபட்டது செத்து, அதைத் தின்ன வந்ததும் பிடிபடுகிறது.

தூத்துக்குடி முதல் இராமேசுவரம் வரையுள்ள 21 தீவுகளைக் கொண்டு மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா 1986-ஆம் ஆண்டில் அமைக்கப்பட்டது. வாலிநோக்கத்துக்கு எதிரேயுள்ள கடலும் அவ்வளைகுடாவைச் சேர்ந்ததே. அங்குள்ள பவளப் பாறைகளில் கைவிடப்பட்ட வலைகள் சுற்றிக் கிடப்பதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். மீன் குஞ்சு பொரித்து வளரும் இடம் அப்பாறைகளும் கடற்புல் வெளிகளுமே. ஆவுளியா என்னும் கடற்பசுவும் கடலாமையும் அப்புல்வெளிகளுக்கு மேய வருகின்றன. மூச்சுவிட மேலே வர வேண்டிய அவ்வுயிர்கள் வலையில் சிக்கினால் பிழைப்பதில்லை. ஆகவே தொலைந்த வலை ஒரு மீனவரின் நஷ்டம் மட்டுமன்று. வரும் ஆண்டில் எல்லா மீனவரும் பிடிக்க வேண்டிய மீனின் நஷ்டமும் ஆகும்.

நாம் செய்யக்கூடியது

இதற்கு விஞ்ஞானிகள் வரட்டும், அரசு வரட்டும் என்று காத்திருப்பது கூட்டுறவாளருக்கு அழகன்று. நம் சங்கங்களின் கைக்கு எட்டிய மூன்று காரியங்களை இங்கே முன்வைக்கிறோம்.

முதலாவது, திறக்கும் வழியைப் புழுவிடம் கற்றுக்கொள்வோம். அந்துப்பூச்சி கூட்டின் ஒரு முனையை மட்டும் நெகிழ்த்திக்கொண்டு வெளிவருகிறது. கூடு முழுவதும் கரைவதில்லை. அவ்வாறே மீன்பிடிக் கருவியில் ஓரிடம் மட்டும் அழியக்கூடியதாக இருந்தால் போதும். இது வெறுங் கற்பனையன்று. அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், நண்டு பிடிக்கும் கூட்டில் மட்கக்கூடிய பருத்திக் கயிற்றால் ஒரு கட்டு இருக்க வேண்டும் என்று விதி உண்டு. கூடு தொலைந்துவிட்டால் சில காலத்தில் அக்கயிறு மட்கி அறும், வழி திறக்கும், அகப்பட்டது வெளியேறும்.

கீழக்கரைப் பகுதியில் பாறை மீனுக்காகக் கடலடியில் இறக்கும் கூடுகளுக்கு இம்முறை நன்கு பொருந்தும் என்பது எமது அபிப்பிராயம். வலைகளிலும், மிதவைகளைக் கட்டும் இடங்களில் மட்டும் பருத்தி நூலைப் பயன்படுத்திப் பார்க்கலாம். நூல் மட்கினால் மிதவை கழன்று, நிமிர்ந்து நிற்கும் வலை மடிந்து விழும். மீன் பிடிப்பதை நிறுத்தும். கமுதி, முதுகுளத்தூர்க் கரிசலில் பருத்தி விளைகிறது. நம் அங்கத்தினரிடையே நூல் முறுக்கத் தெரிந்தோர் பலர் உளர். எத்தனை தடிப்பான நூல் நம் கடலில் எத்தனை நாள் தாங்கும் என்பதை மீனவர் சங்கமும் நெசவாளர் சங்கமும் கூடிச் சோதிக்க வேண்டும். கட்டிய தேதியையும் அறுந்த தேதியையும் ஒரு குறிப்பேட்டில் எழுதி வந்தால், ஓர் ஆண்டுக்குள் தெளிவான விடை கிடைக்கும். கட்டை அவ்வப்போது மாற்றும் வேலை மீனவருக்குக் கூடும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அந்நூலின் விலை வலையின் விலையில் மிகச் சிறு பங்கே.

இரண்டாவது, பழைய வலைக்குக் கரையிலேயே விலை வேண்டும். வலை மடிந்து விழுவதால் குப்பை மறைந்துவிடாது. கிழிந்த நண்டு வலையை மீனவர் கடலில் விடுவதும் கரையில் எரிப்பதும் மனக்கொடுமையால் அல்ல. அதைக் கொண்டுபோய்க் கொடுக்க ஓரிடம் இல்லாமையால்தான். வலை விற்கும் சங்கம், விற்கும்போதே எடையைக் குறித்துக்கொண்டு, பழைய வலை திரும்பி வந்தால் எடைக்கேற்பப் பணம் கொடுக்கும் முறையை ஏற்படுத்தலாம். இதைத் தண்டனையாக ஆக்கலாகாது. வரவு வைப்பதாகவே இருக்க வேண்டும். நைலான் வலையையும், இழுவை மடிகளில் வரும் பாலித்தீன் இழையையும் தனித்தனியே கட்டி வைத்தால்தான் விலை போகும். பழைய நைலானை மீண்டும் மூலப்பொருளாக்கிப் புது இழை செய்யும் ஆலையை இத்தாலிய நிறுவனமாகிய அக்வாஃபில் 2011-ஆம் ஆண்டில் ஸ்லோவேனியா நாட்டில் தொடங்கியது. அத்தகைய வாங்குவோருக்கு ஒரு மீனவரின் நான்கு கிலோ பொருட்டன்று. பத்துச் சங்கங்களின் லாரிப் பாரம் பொருட்டாகும். தனியொருவரால் ஆகாதது கூட்டாகச் செய்தால் ஆகும் என்பதற்குத்தானே நாம் சங்கம் கண்டோம்?

மூன்றாவது, பெயரில் நேர்மை வேண்டும். ஒவ்வொரு சேலையின் சீட்டிலும் ரசீதிலும் பட்டு, விஸ்கோஸ், பாலியெஸ்டர், கலப்பு என்று உள்ளபடி எழுதுதல் வேண்டும். உண்மைப் பட்டுக்கு மத்தியப் பட்டு வாரியத்தின் ஆதரவில் 2004-ஆம் ஆண்டு முதல் பட்டுக் குறி வழங்கப்படுகிறது. தகுதியுள்ள சங்கங்கள் அதைப் பெறலாம். விற்பனை நிலையத்தில் தீச்சோதனையையும் காட்டலாம். பட்டு இழை முடி கருகும் நாற்றத்தோடு எரிந்து, தீயை எடுத்தவுடன் அணைந்து, நசுக்கினால் பொடியாகும் கரியை விடும். விஸ்கோஸ் காகிதத்தைப் போல எரிந்து மென்மையான சாம்பலாகும். நைலானும் பாலியெஸ்டரும் உருகிக் கெட்டியான மணியாக நிற்கும். இதை வாங்குவோர் கண்ணெதிரே செய்து காட்டும் சங்கத்தை எவரும் சந்தேகிக்க மாட்டார்கள். செயற்கைப் பட்டை அதன் சொந்தப் பெயரிலேயே, நியாயமான விலைக்கு விற்பதில் வெட்கம் ஒன்றும் இல்லை.

ஆட்சேபங்கள் எழும். பிழைப்புக்கே போராடும் மீனவரிடமும் நெசவாளரிடமும் புழுவைப் பற்றிய பாடம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். பாடத்தைச் சரியாகப் படிக்காமையின் செலவை முதலில் கட்டுகிறவர்கள் அவர்களே என்பதுதான் எமது மறுமொழி. ஆலை நடத்தியவரின் வீட்டுக்கு அருகே தொலைந்த வலை கிடப்பதில்லை. வாலிநோக்கத்து மீனவரின் தொழிற்களத்திலேதான் அது கிடக்கிறது. போலிப் பட்டை விற்றவரின் கூலி குறைவதில்லை. தறிக்குழியில் இறங்கி உட்காருபவரின் கூலியே குறைகிறது.

இனிவரும் நாட்களில் வண்டின் முதுகைப் பார்த்தும், ஈயின் கண்ணைப் பார்த்தும் இன்னும் எத்தனையோ பொருள்கள் செய்யப்படும். அவை நம் சங்கங்களின் வாயிலுக்கும் வந்து சேரும். அவற்றை வெறுக்கவும் வேண்டாம், வியந்து மயங்கவும் வேண்டாம். எதனால் செய்யப்பட்டது, எவர் உடல்நலத்தைச் செலவிட்டுச் செய்யப்பட்டது, பயன் தீர்ந்தபின் எங்கே போகும் என்ற மூன்று கேள்விகளையும் கேட்ட பின்னரே கொள்முதல் தீர்மானத்தில் கையொப்பமிட வேண்டும்.

வரும் பொதுக்குழுவில் வேறு எதற்கும் நேரமில்லையாயினும், பருத்திக் கட்டுச் சோதனைக்கு ஐந்து கூடுகளும், பழைய வலையை நிறுக்க ஒரு தராசும் ஒதுக்குமாறு கடலோரச் சங்கங்களின் நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம். இதற்குப் பெருந்தொகை தேவையில்லை. தீர்மானமும் குறிப்பேடும் இருந்தால் வேலை தொடங்கிவிடும்.